ஊரை அவிழ்த்த ஹாரன்

இந்தக் கதையின் கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. விலா நோகச் சிரிக்கிற சிரிப்பு, சத்தியமாகச் சொல்கிறேன், ஆனால் இப்போது தரமாட்டேன். அதற்கு முன்னால் ஒரு ஊர் அவிழ வேண்டும், ஒரு பெரிய மனுஷனுக்குத் தொண்டை போக வேண்டும், ஒரு பிளாஸ்க்குக்குள் ஐஸ் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீராக வேண்டும். அதுவரை சிரிப்பு என் சுடிதார் பாக்கெட்டில் பத்திரமாக இருக்கட்டும். கெஞ்சினாலும் கிடைக்காது.

என் பேர் பேச்சி. தென்காசி. பதினொன்றாம் வகுப்பு. ஒரு தடவை காதில் விழுந்த சத்தம் எதுவானாலும் மறுதடவை என் வாயிலிருந்து வரும். நான் குக்கர் விசில் அடித்தால் எதிர்வீட்டு அத்தை அடுப்பை அணைக்க ஓடுவாள், அடுப்பையே பற்றவைத்திருக்க மாட்டாள். ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி இருமினால் இரண்டு வகுப்பறை எழுந்து நிற்கும். ஆனால் எல்லாக் குரலிலும் எனக்குப் பிடித்தது சித்தப்பாவுடையதுதான்.

குற்றாலிங்கம் சித்தப்பா போன மாதம்வரை எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். மைக்கில் அவர் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கினால் ஸ்டாண்டில் இருக்கிற அத்தனை டீ கிளாஸும் பாதியில் கீழே இறங்கும், ஏனென்றால் அவர் புறப்படும் என்று சொன்ன பஸ் புறப்படாமல் இருந்ததில்லை, வரும் என்று சொன்ன பஸ் வராமல் இருந்ததில்லை. ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு விசில் என்றால் போக வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த நியாயம். கல்யாணமான புதிதில், அவர் சம்சாரம் உலகம்மை சித்தி பஸ்ஸில் இடம் போட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்க இறங்கியிருந்தபோது, நேரமாகிவிட்டது என்று அவரே இரண்டு விசில் ஊதி அந்த பஸ்ஸை அனுப்பிவைத்தார். சித்தியின் கூடையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் தனியாகச் சங்கரன்கோவில் போய்ச் சேர்ந்தன. சித்தி அதை இன்றைக்கும் மறக்கவில்லை, அதில் என்ன தப்பு என்று அவருக்கு ரிட்டயர் ஆகிறவரைக்கும் விளங்கவில்லை. அவளைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டு அதுவரை யாரும் கேட்டதும் இல்லை. "ஏய்" என்பார், "இந்தா" என்பார், கோபம் வந்தால் "அங்க யாரு" என்பார்.

அவர் ரிட்டயர் ஆன அன்றைக்கு சித்தி ஒன்றே ஒன்று கேட்டாள். "என்னைய விட்டுட்டுப் போகாத ஒரு வண்டியில கூட்டிட்டுப் போங்க."

யோசித்துப் பார்த்து சித்தப்பா கப்பலுக்கு டிக்கெட் எடுத்தார். துணைக்கு என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். சென்னையிலிருந்து கிளம்பும்போது கப்பல் மூன்று தடவை ஹாரன் அடித்தது, அடிவயிற்றிலிருந்து, எருமைக்கூட்டம் மொத்தமும் ஒரே தொண்டையால் கூப்பிடுகிற மாதிரி. நான் அன்று ராத்திரியே தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அதைப் பழகிவிட்டேன்.

கொழும்பில் ஒரு பகல் முழுக்கக் கப்பல் நிற்கும், சாயங்காலம் புறப்படும் என்றார்கள். மூன்று பேரும் இறங்கினோம். பாதிப் படியில் சித்திக்குத் தலை சுற்றியது. சர்க்கரைக்காரி அவள், சாயங்காலச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டே ஆகவேண்டும். அந்த மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து, பிளாஸ்க்கைத் தோள்பையில் வைத்து, பையைத் தன் தோளில் மாட்டிக்கொள்வது சித்தப்பாவின் வேலை. ஊசி குத்துவதும் அவர்தான், கடிகாரத்தைப் பார்த்து, பஸ் அனுப்புகிற மாதிரி.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க," என்றாள் சித்தி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. "கப்பல் என்னைய விட்டுட்டா போயிரப்போவுது?"

அவள் திரும்பி ஏறிவிட்டாள். பை சித்தப்பாவின் தோளிலேயே தங்கிவிட்டது. புறக்கோட்டைக் கடைத்தெருவுக்கு வந்த பிறகுதான் கவனித்தார். "சரி, சாயங்காலத்துக்குள்ள போயிருவோம்லா," என்று பையை நெஞ்சுக்கு முன்னால் மாட்டிக்கொண்டார். அந்தப் பை எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் மறந்துவிடாதீர்கள், ஏனென்றால் நான் மறந்துவிட்டேன்.

ஊர் சுற்றினோம் என்றா சொல்வது? சித்தப்பா ஊரை ஒவ்வொரு ஸ்டாப்பாக அனுப்பிவைத்தார். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பள்ளிவாசலை நான் அண்ணாந்து பார்த்து வாயை மூடுவதற்குள் "பாத்தாச்சுல்லா, கிளம்பு" என்றார். காலிமுகத்திடலில் இறால் ஒட்டிய வடையை நான் கடித்தபோது "நடந்துக்கிட்டே தின்னு" என்றார். கடலைப் பார்த்து நின்றால் "அதத்தான் கப்பல்ல இருந்தே பாக்குதோம்லா" என்றார். துணிக்கடை, மசாலாக் கடை, கைக்கடிகாரம் விற்கிறவன், அன்னாசித் துண்டில் மிளகாய்த்தூள் தூவுகிறவள், எல்லாரும் அவருக்குப் பிளாட்பாரத்தில் தேவையில்லாமல் நிற்கிற வண்டிகள். இந்த மனுஷன் ஒரே ஒரு தடவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை வந்தது. வந்த ஆசையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை நான்.

தெருக்கோடியில், எல்லாரும் நானா என்று, அதாவது அண்ணன் என்று, கூப்பிடுகிற நஸூர்தீனின் தேத்தண்ணீர்க் கடை. அதை ஒட்டி ஒரு பாத்திரக் கடை, வாசலில் நான் உட்கார்ந்தால் மறைந்துபோகிற அளவுக்கு ஒரு அலுமினிய அண்டா. சித்தப்பா அந்தப் பக்கம் திரும்பிக் குடைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். நான் அண்டாவுக்குள் தலையை விட்டேன். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை கப்பல் ஹாரன் அடித்தேன்.

சித்தப்பா ஓடினார். குடையை விரித்தபடி ஓடினார். அதுதான் சிரிப்பு என்று நினைத்தீர்களா? இல்லை, இது வேறு.

நானாவின் கடைக்கு முன்னால், அந்தத் தெருவரைக்கும் தண்ணீர் இருந்த ஏதோ ஒரு காலத்தில் நட்ட இரும்புக் குற்றி ஒன்று உண்டு, முட்டளவு உயரம், கப்பல் கட்டுகிற குற்றி. அதில் தொடைத்தண்டி கயிறு ஒன்று சுற்றியிருக்கும். அந்தக் கயிறு தெருவைக் குறுக்கே கடந்து, சாக்கடை மூடிக்கு அடியில் இறங்கி எங்கேயோ போகும். எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. நானா அதில் கடைத்துணி காயப்போடுவார். அன்றைக்கு அந்தக் குற்றியைச் சுற்றி, துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு கட்டுகிற, அவிழ்க்கிற ஆட்கள் சோற்றுப் பார்சலைப் பிரித்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று தடவை ஹாரன் கேட்டால் கயிற்றை அவிழ்ப்பது அவர்கள் தொழில், முதலில் கை அவிழ்க்கும், பிறகுதான் தலை யோசிக்கும், ஏனென்றால் கப்பல் இழுக்கிற நேரத்தில் யோசித்துக்கொண்டு நின்றவனுக்குக் கை மிஞ்சியதில்லை. ஆகவே லாசரஸ் அண்ணன் என்கிற அவர்களுடைய தலைவர், வாயில் சோற்றோடு, என்ன ஏது என்று நிமிர்ந்தும் பார்க்காமல் எழுந்து, கைக்கெட்டிய கயிற்றைக் குற்றியிலிருந்து கழற்றி வீசினார். ஈரத்துணிகளோடு கயிறு சாக்கடை மூடிக்குள் சரசரவென்று போய் மறைந்தது.

கொழும்பு கிளம்பியது.

முதலில் கிளாஸில் இருந்த தேநீர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு நிழல்கள் எல்லாம் மெதுவாக இடம் மாறின. துறைமுகத்து வாசல் அங்கேயே நின்றது, எங்கள் வெள்ளைக் கப்பல் அங்கேயே நின்றது, ஊர் மட்டும் பள்ளிவாசலும் கோவிலும் மாதா கோவிலும் பஸ் நிலையமுமாக விலகி, தெருவுக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்து, அது ஓடை அகலமாகி, ஆறு அகலமாகியது.

"ஊர் வெளிக்கிட்டுட்டு போல," என்றார் நஸூர்தீன் நானா. அந்த நிமிஷத்திலிருந்து கிளாஸை முக்கால்தான் நிரப்பினார், தளும்பாமல் இருக்க.

மற்றவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆட்டோக்காரர்கள் மீட்டருக்கு மேல் கடல் சார்ஜ் என்று ஒன்று கேட்டார்கள், ஜனங்கள் அதைப் பேசிக் குறைத்தார்கள். காலி என்கிற ஊருக்குப் போகிற பஸ்ஸின் கண்டக்டர் ஒருவன் "காலி, காலி, காலி!" என்று கூவிக்கொண்டிருந்தவன், தெரு முனையில் தண்ணீரைப் பார்த்துவிட்டு, ஏறியவர்களை இறக்காமல் "காலி இல்ல, கோட்டை மட்டும், கோட்டை மட்டும்!" என்று ஊருக்குள்ளேயே இருக்கிற இடத்துக்கு மாற்றிக் கூவினான். தூண்டில் வைத்திருந்தவர்கள் நடைபாதையில் உட்கார்ந்து மீன் பிடித்தார்கள். நகராட்சி ஆள் ஒருவர் வந்து ஊர் முடிகிற இடத்தில் சுண்ணாம்புக்கோடு போட்டார், பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாதே என்று. பக்கத்து ஊரான நீர்கொழும்பில் பெண் பார்த்திருந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார், பலகாரத் தட்டுகளோடு தெரு முனையில் வரிசையாக நின்று, பெண் வீட்டுக்குப் போன் போட்டு, "நாங்க வெளிக்கிட்டுட்டம், ஆனா வேற பக்கம்," என்று சொன்னார்கள். கொத்துரொட்டிக் கடையில் தட்டுகிற சத்தம் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

"எப்ப திரும்பும் நானா?" என்று கேட்டேன். என் குரலிலேயே கேட்டேன், அது எனக்கே புதிதாக இருந்தது.

"என்ட வாப்பாட காலத்துல ஒருக்கா இப்பிடிப் போனது மகள். அடுத்த பருவக்காத்து வந்துதான் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தது. ஆறு மாசம். பயப்பட வாணாம், சாமான் எல்லாம் கிடைக்கும்."

ஆறு மாதம். அப்போதுதான் எனக்கு அந்தப் பை ஞாபகம் வந்தது.

சித்தப்பா சுண்ணாம்புக்கோட்டின் மேல் நின்றார். குடை எங்கேயோ விழுந்துவிட்டது. பையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். தூரத்தில் கப்பல், அதன் நெற்றியில் வரிசை வரிசையாகச் சின்னப் பால்கனிகள், அதில் ஒன்றுக்குப் பின்னால் சித்தி.

"ஹாரன் அடிச்சாச்சு," என்றார். "கப்பல் எடுத்துருவான். எடுத்துட்டான்னா அவ அங்க, மருந்து இங்க."

"அடிச்சாலும் உடனே எடுக்கமாட்டாங்க சித்தப்பா."

"ஹாரன் அடிச்சா எடுக்கணும்ட்டி. நான் எடுத்திருக்கேன்லா." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் கூடை, அந்த வாழைப்பழம், எல்லாம் அவர் முகத்தில் அப்போதுதான் வந்து இறங்கின.

பிறகு கூப்பிட ஆரம்பித்தார். "ஏய்!" என்றார், கப்பல் திரும்பவில்லை. "இந்தா!" என்றார். "அங்க யாரு!" என்றார், தெருவில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், கப்பல் பார்க்கவில்லை. அத்தனை பேருக்கும் பொதுவான சொல்லை வைத்துக்கொண்டு ஒருத்தியை எப்படிக் கூப்பிடுவது? அவர் மூச்சை இழுத்தார். "உலகம்மை!" என்றார். வாழ்க்கையில் முதல் தடவை. "உலகம்மை! உலகம்மை!" மைக் இல்லாமல், மீசை நனைய, கழுத்து நரம்பு புடைக்க, தண்ணீர் அகலமாக ஆக இன்னும் உரக்க. கண்டக்டர்கள் கூவுவதை நிறுத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளைக் கீழே வைத்தார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஒரு தடவை வாய் திறந்தபோது வெறும் காற்றுதான் வந்தது. தொண்டை போயேவிட்டது.

அவர் பையைத் திறந்து, பிளாஸ்க்கை ஆட்டிப் பார்த்தார். ஐஸ் மோதுகிற சத்தம் இல்லை. தண்ணீர்ச் சத்தம்தான்.

இதற்குள் தெருவில் வேறு ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. "கப்பல் ஹாரன் அடிச்சதுதானே, அப்ப ஏன் கப்பல் போகல்ல?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் லாசரஸ் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் கையில் சோறு காய்ந்திருந்தது. "மூணு அடிச்சா அவுக்கிறது. எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும்," என்றார். சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், பேச முடியாததால் அவர் தோளைத் தட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, மூன்று விரல் காட்டி, சரி என்று தலையாட்டினார். ஹாரன் கேட்டால் கேட்டதுதான், இவர்மேல் தப்பில்லை, நானே சாட்சி என்று அதற்கு அர்த்தம். எனக்குக் காது சூடாகியது. பாத்திரக் கடைக்காரர் அண்டாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது என்ன, இன்னும் அதிருது?" என்றார். நான் நைசாகப் போய் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்து, உள்ளங்கையால் அமுக்கினேன். உள்ளே இருந்த மிச்ச ஹாரன் என் முதுகில் முணுமுணுத்தது.

வெயில் மஞ்சளாகியது. சித்தப்பா தெருவை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்க்கிற அதே பார்வை. பக்கத்துச் சுவரில் உள்ளங்கையால் டப் டப் என்று தட்டினார். கையைப் பின்னாலிருந்து முன்னால் அசைத்தார், வா, வா என்று. எனக்குப் புரிந்துவிட்டது. ஊராக இருந்தால் என்ன, கொஞ்சம் நீளமான வண்டி. ரிவர்ஸ் எடுக்க வேண்டும். ஆனால் வாயைத் திறந்தால் காற்று. கையை மட்டும் அசைத்தார், ஊர் அதைக் கவனிக்காமல் போய்க்கொண்டே இருந்தது.

"சத்தத்துல போன ஊர், சத்தத்துக்குத்தான் திரும்பும்," என்றார் நானா.

நான் எழுந்து கோட்டுக்குப் போனேன். முதலில் நானாவின் குரலில் கூப்பிட்டேன், ஊர் லேசாகத் தயங்கியது, பிறகு போனது. கண்டக்டர் குரலில் "கோட்டை, கோட்டை!" என்று கூப்பிட்டேன், ஒரு தெரு மட்டும் திரும்பிப் பார்த்தது. கப்பலில் அறிவிப்புச் சொல்கிற பெண்ணின் தேன் குரலில் கூப்பிட்டேன், ஊர் சிரித்த மாதிரி ஒரு குலுங்கல், அவ்வளவுதான். ஒரு தடவை பொய்ச் சத்தத்துக்குக் கிளம்பிய ஊர், இன்னொரு பொய்ச் சத்தத்துக்கு ஏமாறுமா? ஒரு நாளும் பொய்யே சொல்லாத குரல் ஒன்று வேண்டும்.

சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் பாக்கெட்டிலிருந்து பழைய விசிலை எடுத்து என்னைப் பார்த்தார். தலையை ஒரே ஒரு தடவை ஆட்டினார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்றேன் அவர் குரலில்.

கொழும்பு முழுவதும் தேத்தண்ணீர்க் கிளாஸ்கள் கீழே இறங்கின. "வண்டி பின்னால வருது, எல்லாரும் ஓரமா நில்லுங்க. வரட்டும்... வரட்டும்... வரட்டும்..." தெருவில் இருந்தவர்கள் சுவரைத் தட்ட ஆரம்பித்தார்கள், டப் டப், டப் டப், ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு, கடைக் கதவுகளில், பஸ் பக்கவாட்டில், அண்டாவில், பலகாரத் தட்டில். ஊர் நின்றது. யோசித்தது. பின்னால் வர ஆரம்பித்தது. சித்தப்பா கையால் காட்டக் காட்ட, நான் அவர் வாயாகக் கத்தினேன். "லெஃப்ட்ல ஒடி! ஒடி! நேராக்கு! வரட்டும், வரட்டும், இன்னும் எடம் இருக்கு, வா, வா, வா!" கடல் ஆறாகி, ஆறு ஓடையாகி, ஓடை வாய்க்காலாகி, எனக்குத் தொண்டையில் ரத்த ருசி வந்தபோது சித்தப்பா விசிலை வாயில் வைத்து ஒரே ஒரு விசில் ஊதினார்.

ஊர் நின்றது. ஒரு முழ இடைவெளி. நாங்கள் தாண்டிக் குதித்தோம். பின்னால் லாசரஸ் அண்ணன் சாக்கடை மூடிக்குள் கைவிட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்துக் குற்றியில் சுற்றுவதும், நானா அதில் துணியைத் திரும்பக் காயப்போடுவதும் ஓடிக்கொண்டே பார்த்தேன். சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். நான் ஆசைப்பட்ட ஓட்டம்தான். ரசிக்க நேரமில்லை.

சித்தி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. சாப்பாட்டுத் தட்டு மூடியபடி அப்படியே இருந்தது. சித்தப்பா மருந்துக் குப்பியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், சில்லிப்பு மிச்சம் இருந்தது. கடிகாரத்தைப் பார்க்காமல் ஊசி போட்டார். சித்தி "ஸ்" என்றுகூடச் சொல்லவில்லை. பஞ்சால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு வந்தது.

"ஏட்டி பேச்சி," என்றாள் சித்தி, என்னைப் பார்க்காமல். "அங்க நின்னு உங்க சித்தப்பா குரல்ல என் பேரச் சொல்லிக் கூப்பிட்டது நீதான?"

நான் சித்தப்பாவைப் பார்த்தேன்.

"உலகம்மை, உலகம்மைன்னு, தண்ணியத் தாண்டிக் கேட்டுச்சு. நிசம்னு நெனச்சு பால்கனிக்கு ஓடிட்டேன், சின்னப்புள்ள மாதிரி. பெறகுதான் புத்தி வந்துச்சு. இவரு எந்தக் காலத்துல என் பேரச் சொல்லிருக்காரு? இது அந்தக் கழுத வேலைன்னு உள்ள வந்து படுத்துட்டேன்." சிரிக்கப் பார்த்தாள், சரியாக வரவில்லை. "எல்லாத்துலயும் வெளாடுத, சரி. இதுலயாட்டி வெளாடுவ?"

சித்தப்பா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. பஞ்சைப் பிடித்தபடி தலையை இல்லை இல்லை என்று ஆட்டினார், அவள் அதைப் பார்க்கவில்லை, போர்வையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆமாம் சித்தி, நான்தான் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஒரு திட்டு, ஒரு குட்டு, என் அண்டா ரகசியம் பத்திரம். கொழும்பு எதனால் கிளம்பியது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அது நான் இல்ல சித்தி," என்றேன், என் சொந்தக் குரலில். "அது சித்தப்பாதான். அதுலதான் அவருக்குத் தொண்டையே போச்சு. வேணும்னா பேசச் சொல்லிப் பாருங்க. அது மட்டும் நான் இல்ல."

சித்தி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் உதடு அவள் பெயரைச் சத்தமில்லாமல் இன்னொரு தடவை சொன்னது. அவள் முகம் சிவந்து, கண் நிறைந்து, பிறகு வெளியே எங்கேயோ மேலே, எங்கள் தலைக்கு மேலே, கப்பல் அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்து ஹாரன் அடித்தது.

ஒன்று.

சித்தி திடுக்கிட்டாள். "ஆத்தீ. காலையில இருந்து ஒரு தடவகூட அடிக்கல, இப்ப அடிக்கான்."

இரண்டு.

சித்தப்பாவின் கை பஞ்சை விட்டுவிட்டது.

மூன்று.

அவர் மெதுவாக, ரிவர்ஸ் வருகிற வண்டி மாதிரி, என் பக்கம் திரும்பினார். "அது மட்டும்" என்று நான் சொன்னது அவருக்குள் ஒவ்வொரு ஸ்டாப்பாக நின்று நின்று வந்து சேர்வது கண்ணிலேயே தெரிந்தது. மீசை துடித்தது. வாய் அகலமாகத் திறந்து, மூடி, திறந்து, ஒரு முழு வாக்கியம் பேசியது. ஒரு எழுத்துக்கூடச் சத்தமில்லை.

"என்னட்டி சொல்லுதாரு?" என்றாள் சித்தி.

இந்தாருங்கள், பாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டேன், பிடித்துக்கொள்ளுங்கள். வேறு யார் சொல்வது? நான்தான் சொல்ல வேண்டியிருந்தது, ஒரு சுதி குறையாமல், அவர் குரலிலேயே:

"அந்த ஹாரன் நீயாட்டி?"